எந்தக் காப்பீடு நம்மைச் சோதனைக்குப் போக வைக்கும்?

ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஏஜென்டிடம் நாம் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஆஸ்பத்திரிப் படுக்கையைச் சுற்றியே இருக்கும். ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா, கேஷ்லெஸ் எந்தெந்த ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு எத்தனை லட்சம் கிடைக்கும். தேவையான கேள்விகள்தான். ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களைப் பல வீடுகளில் அந்தப் படுக்கைக்குக் கொண்டுபோவது சுகரும் பிரஷரும், அவற்றைத் தொடர்ந்து வரும் இதய, சிறுநீரகக் கோளாறுகளும்தான். சுகர், பிரஷர் இரண்டுமே வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். ஆனால் ஒரு சின்னச் சோதனையில் பிடிபட்டுவிடும். அதனால் பாலிசிகளை ஒப்பிடும்போது இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கும்போதே இந்தக் காப்பீடு நம்மைச் சோதனைக்குப் போக வைக்குமா, இல்லை தள்ளிப்போட வைக்குமா?

தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் முன்னால் பொதுவாக ஐந்து வழிகள் இருக்கின்றன: முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ., கம்பெனி தரும் குரூப் பாலிசி, சொந்தமாக எடுக்கும் தனியார் பாலிசி, அதோடு கூடுதலாகச் சேர்க்கும் ஓபி ரைடர் (அட்மிட் ஆகாமல் வெளிநோயாளியாகப் பார்க்கும் செலவுக்கான இணைப்பு). இந்த ஒரு கேள்வியை வைத்து ஐந்தையும் பார்க்கலாம். அதற்கு முன்னால், காப்பீட்டின் அமைப்புக்கும் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் இரண்டு மூன்று ஆய்வுகளைச் சொல்லிவிடுகிறேன்.

1970களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் ஒரு பெரிய பரிசோதனையைத் தொடங்கியது. ஆறு ஊர்களில் 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீடுகள் கொடுத்தார்கள். சிலருக்கு எல்லாமே இலவசம். மற்றவர்கள் ஒரு வருட உச்சவரம்பு வரை, பில்லில் 25, 50 அல்லது 95 சதவீதத்தைத் தாங்களே கட்ட வேண்டும். கைக்காசு போட வேண்டியிருந்தவர்கள் டாக்டரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர்கள் வேண்டாத சிகிச்சையை மட்டும் பார்த்துக் குறைக்கவில்லை. வேண்டியதும் வேண்டாததும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைந்தன. தடுப்பூசியும் கர்ப்பப்பை வாய்ச் சோதனையும்கூட அதில் அடிபட்டன. இலவசத் திட்டத்தில் இருந்த ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தெளிவான நன்மை கிடைத்தது. டாக்டரை அடிக்கடி பார்த்ததால் நோய் பிடிபட்டது, மருந்து தொடங்கியது.

அந்த 95 சதவீதத் திட்டத்தை நம் ஊரோடு வைத்துப் பாருங்கள். இங்கே வழக்கமான தனியார் பாலிசியில் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம். டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மாத மாத்திரை எல்லாம் முழுக்க நம் கைக்காசு. ராண்ட் ஆய்வில் கடுமையானதாக வைத்த திட்டம் நமக்கு அன்றாட நிலைமை.

தொகை பெரிதாக இருந்தால்தான் ஆட்கள் பின்வாங்குவார்கள் என்றும் இல்லை. அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் திட்டங்களில் மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் பற்றிய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. 10 டாலருக்கு மேல், அல்லது கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் புதிதாக வசூலிக்க ஆரம்பித்த திட்டங்களில், சோதனை செய்துகொண்ட பெண்களின் விகிதம் 5.5 சதவீதப் புள்ளிகள் இறங்கியது. கட்டணம் போடாத, அதே மாதிரியான திட்டங்களில் அதே காலத்தில் அது 3.4 புள்ளிகள் ஏறியது. 2010இல் வந்த ஒபாமா காலத்துச் சட்டம், பரிந்துரைக்கப்பட்ட தடுப்புச் சோதனைகளுக்குக் கட்டணமே வாங்கக் கூடாது என்று காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவம் இருக்கிறது.

சரி, இலவசமாக்கிவிட்டால் போதுமா? ஜப்பானைப் பாருங்கள். 2008 முதல் அங்கே 40 முதல் 74 வயது வரையுள்ள எல்லோருக்கும், இடுப்பளவு எடுப்பதிலிருந்து ரத்தப் பரிசோதனை வரை, வருடாந்தரச் சோதனையைக் காப்பீட்டு அமைப்புகளே நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் காப்பீட்டுச் சங்கங்களில் இருப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் அளவுக்குச் செய்துகொள்கிறார்கள். நகராட்சி நடத்தும் காப்பீட்டில் இருக்கும் சுயதொழில் செய்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள் பக்கம் வந்தால் அது நாற்பதைக்கூடத் தொடுவதில்லை. நாடும் சட்டமும் ஒன்றுதான், சோதனையும் ஒன்றுதான். கம்பெனி ஊழியருக்கு வேலை நேரத்திலேயே ஏற்பாடு ஆகிவிடுகிறது. மற்றவர் கடிதத்தைப் பார்த்து, நாள் குறித்து, தானே கிளம்பிப் போக வேண்டும்.

விலைக்கு அடுத்தபடியாக, சில சமயம் விலைக்கும் மேலே, ஏற்பாடு முக்கியம். காப்பீட்டுத் தாள்களில் இந்த ஏற்பாடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் உண்மையான ஒப்பீடு.

தனியார் பாலிசியின் 'இலவச செக்கப்'

தனியார் பாலிசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விளம்பரத்தில் 'இலவச ஹெல்த் செக்கப்' என்று பெரிய எழுத்தில் போடுவது இவர்கள்தான். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன.

பழைய பொதுத்துறை மெடிக்ளெய்ம் பாலிசிகளில் இருந்தது இது: தொடர்ந்து நான்கு வருடம் எந்த க்ளெய்மும் இல்லை என்றால், காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரை செக்கப் செலவைத் திருப்பித் தருவார்கள். இரண்டு லட்சம் பாலிசிக்கு 2,000 ரூபாய். நான்காவது வருடம் டெங்கு வந்து அட்மிட் ஆனால் அதுவும் போச்சு. நோய்வாய்ப்பட்டவருக்குத்தான் சோதனை அதிகம் தேவை. அவரைத்தான் இந்த விதி வெளியே நிறுத்துகிறது. இதே போன்ற 'க்ளெய்ம் இல்லாத வருடங்கள்' நிபந்தனை இன்றும் சில பாலிசிகளில் இருக்கிறது. இருந்தால் அந்த செக்கப்பை இல்லை என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது, வருடா வருடம் ஒரு தொகை வரை ரீஇம்பர்ஸ்மென்ட். முதலில் நாம் கட்ட வேண்டும், பில்லையும் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், பணம் பிறகு வரும். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் தாராளமாக இருப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. ஆனால் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பென்ஷனில் இருக்கும் அப்பா இவர்களிடம் 'இப்போ 2,500 கட்டுங்க, அப்புறம் வந்துரும்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். அந்த அடுத்த மாதம் வராது.

மூன்றாவது வகையில் முதல் வருடத்திலிருந்தே கேஷ்லெஸ். ஆப்பில் நாள் குறித்தால் காலை ஆறரை மணிக்கு லேப் பையன் வீட்டு வாசலில் நிற்பான். வெறும் வயிற்றில் ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குழாய். பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை. ப்ரீமியம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். தனக்கென்று பத்து ரூபாய் செலவழிக்க யோசிக்கும் அம்மாவை லேபுக்குக் கிளப்ப, 'கட்டின காசு வீணாப் போகுதும்மா' என்ற ஒரு வாக்கியம் செய்யும் வேலையை டாக்டரின் அறிவுரைகூடச் செய்வதில்லை. செக்கப் எடுத்தால் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் இல்லாத வருடத்துக்குத் தரும் சலுகை) குறையுமா என்பதை மட்டும் பாலிசித் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் குறையாது.

தினமும் பத்தாயிரம் அடி நடந்தால் ப்ரீமியத்தில் தள்ளுபடி என்று வரும் வெல்னஸ் பாயின்ட்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இலினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களிடம் குலுக்கல் முறையில் நடத்திப் பார்த்த வெல்னஸ் திட்டத்தில், சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்கள். சோதனை செய்துகொள்வது கூடியது. மருத்துவச் செலவு குறையவில்லை. இங்கேயும் அந்தத் தள்ளுபடி ஏற்கெனவே நடப்பவருக்குத்தான் போகும்.

இனி, ஏஜென்ட்கள் தாழ்ந்த குரலில் சொல்லும் விஷயம் ஒன்று. 'பாலிசி எடுக்கற வரைக்கும் எந்த டெஸ்ட்டும் எடுக்காதீங்க சார்.' இதைக் கேட்காத ஆள் குறைவு. பாலிசிக்கு முந்தைய 36 மாதங்களில் டாக்டர் கண்டறிந்த நோய் 'முன்பே இருந்த நோய்' ஆகிறது. அதற்கான வெயிட்டிங் பீரியட், அதாவது அந்த நோய்க்குப் பணம் கிடைக்காமல் காத்திருக்க வேண்டிய காலம், 2024 முதல் அதிகபட்சம் மூன்று வருடம். அதற்கு முன்பு நான்கு. ஆக, தெரியாமல் இருப்பவருக்கு லாபம், தெரிந்துகொண்டவருக்கு நஷ்டம் என்பது போல் விதி அமைந்திருக்கிறது. தடுப்புச் சோதனைக்கு இதைவிடப் பெரிய எதிரி நம் காப்பீட்டு அமைப்பில் இல்லை என்பது என் கருத்து. இதற்கு மருந்து, சின்ன வயதிலேயே பாலிசி எடுத்துவிடுவது. முப்பதில் எடுத்து வைத்தால் அதற்குப் பிறகு செக்கப்பில் சுகர் என்று வந்தாலும் பாலிசி தொடரும். அதைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்க முடியாது. காப்பீட்டுத் தொகையை உயர்த்தினால், உயர்த்திய பகுதிக்கு வெயிட்டிங் பீரியட் புதிதாகத் தொடங்கும் என்பதால், உயர்த்தும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

நாற்பத்தைந்து வயதில் இதுவரை பாலிசியே இல்லாதவர் என்ன செய்வது? சோதனையை நிறுத்தி வைக்காதீர்கள். சுகர் இருப்பது தெரிந்து, அதை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, மூன்று வருடம் காத்திருப்பது சமாளிக்கக்கூடிய இழப்பு. கட்டுப்பாடில்லாத சுகரோடு பாலிசி தேடிக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டினால் சிறுநீரகம் கொடுக்கும் விலையை எந்த பாலிசியும் திருப்பித் தராது. மறைத்து எழுதினால் க்ளெய்ம் நேரத்தில் எல்லாமே போய்விடும்.

ஓபி ரைடர் தேவையா

ஓபி செலவுக்கு வருடம் 5,000 ரூபாய் வரை தரும் ரைடருக்கு 4,000 ரூபாய் கூடுதல் ப்ரீமியம் என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிற எல்லோரும் பயன்படுத்துவார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். அதனால் விலை இப்படித்தான் இருக்கும். காப்பீடாகப் பார்த்தால் இதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் முன்கூட்டியே கட்டிவிட்ட பணம் ஆளைக் கிளப்பும். எனவே இதை வாங்குவதா என்பது உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. வருடா வருடம் தவறாமல் போகிறவர் வாங்க வேண்டாம். அந்த 4,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தாலே போதும். தள்ளிப்போடுகிறவர், குறிப்பாக மாத மாத்திரை எடுக்கும் பெற்றோர் உள்ளவர், மாத்திரைச் செலவும் அதில் அடங்கும் என்றால் வாங்கலாம். மாத்திரை அடங்காத ஓபி ரைடர் பாதி வேலைதான் செய்யும்.

வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு, 80டி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகையில், தடுப்பு செக்கப்புக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் ஏற்பார்கள். ஆனால் அது ப்ரீமியத்துக்கான மொத்த வரம்புக்குள்ளேயே அடங்கும். புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு இது கிடையாது.

கம்பெனி பாலிசியும் இ.எஸ்.ஐ.யும்

குரூப் பாலிசியின் பெரிய பலம், பெரும்பாலான கம்பெனிகளில் முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் உண்டு என்பது. 'டெஸ்ட் எடுக்காதீங்க' என்று சொல்ல இங்கே யாருக்கும் காரணமில்லை. ஆபீஸிலேயே முகாம் போட்டால் ஜப்பானில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போகும்போது நாமும் போவோம். ரிப்போர்ட் எச்.ஆர். கைக்குப் போகுமோ என்ற பயம்தான் தடை. கம்பெனிகள் ரிப்போர்ட்டை நேரடியாக ஊழியரின் போனுக்கு மட்டும் அனுப்ப ஏற்பாடு செய்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் போய்விடும். வேலை போனால் இந்த பாலிசியும் போகும் என்பதால், இதை மட்டும் நம்பிச் சொந்த பாலிசியைத் தள்ளிப்போடுவது சரியில்லை.

இ.எஸ்.ஐ.யை நடுத்தர வர்க்கம் ஏளனமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் 0.75 சதவீதம் கட்டுகிறார், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அதற்கு டிஸ்பென்சரியில் டாக்டர், பரிசோதனை, மாத்திரை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வசதி எல்லாம் குடும்பத்துக்கே கிடைக்கிறது. முன்பே இருந்த நோய் என்ற பேச்சே கிடையாது. அமைப்பாகப் பார்த்தால் இந்த ஐந்தில் தடுப்பு மருத்துவத்துக்கு மிகப் பொருத்தமானது இதுதான். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவருக்கு டிஸ்பென்சரி நேரமும் வேலை நேரமும் ஒன்றாக இருக்கிறது. பீஸ் ரேட்டில் தைப்பவர் அரை நாள் வரிசையில் நின்றால் அந்த அரை நாள் கூலி போகிறது. காசு வாங்காத சோதனைக்கும் அவர் ஒரு விலை கொடுக்கிறார். உங்கள் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், கூலி இழக்காத உறுப்பினர்களுக்காவது வருடாந்தரச் சோதனையை அங்கேயே முடித்துவிடுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இப்போதைய பெயரில் மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. அட்டையை மட்டும் பார்த்தால் இதுவும் முக்கியமாக ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கான காப்பீடுதான். ஓபி மாத்திரைக்கு உதவாது. ஆனால் அட்டைக்குப் பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு சுகர், பிரஷர் சோதனை, வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை எல்லாம் அங்கே இலவசம். இதற்கு அட்டைகூட வேண்டாம், வருமான வரம்பும் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

சோதனைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் இதன் அருமை தெரியும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2008இல் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டைக் குலுக்கல் முறையில் கொடுத்தது. கிடைத்தவர்கள் சோதனைகள் அதிகம் செய்துகொண்டார்கள், சுகர் அதிகமாகக் கண்டறியப்பட்டது, மருந்தும் அதிகம் எடுத்தார்கள். ஆனால் இரண்டு வருட முடிவில் ரத்த அழுத்தத்திலோ சுகர் அளவிலோ உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை. கண்டுபிடிப்பதற்கும் கட்டுக்குள் கொண்டுவருவதற்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க, வாசலில் வந்து கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்து, 'அக்கா, போன தடவை கொடுத்த மாத்திரை இன்னும் மிச்சம் இருக்கே, ஏன்?' என்று கேட்கும் தன்னார்வலர் தேவைப்படுகிறார். தனியார் ஆப்பில் வரும் நினைவூட்டல் அந்தக் கேள்வியைக் கேட்காது.

எந்தச் சோதனை என்பதிலும் அரசு நிலையம் ஒரு படி மேலே. தனியார் செக்கப் பாக்கேஜ் 60, 80 அளவுகளைப் பட்டியலிடும். அவற்றில் பெரும்பாலானவை ரத்தத்தில் எடுப்பவை. பொதுவான முழு உடல் செக்கப் ஆயுளைக் கூட்டுவதில்லை என்று 2019இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. குறிப்பிட்ட சில சோதனைகளுக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. அதில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே கிடைத்தது. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையை, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு தடவை செய்ததில் அந்தப் புற்றுநோயால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. டாக்டர் சங்கரநாராயணன் குழுவின் இந்த ஆய்வு 2007இல் லான்செட் இதழில் வந்தது. இவ்வளவு தெரிந்தும், 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். நாட்டின் சராசரி 1.9. விலை உயர்ந்த பாலிசி வைத்திருக்கும் வீட்டுப் பெண்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாக்கேஜில் தைராய்டும் வைட்டமின் டி-யும் இருக்கும், இது பெரும்பாலும் இருக்காது.

முடிவாக எதை எடுப்பது

வருமானம் 1,20,000க்குள் என்றால் அட்டையும் சுகாதார நிலையமும் போதும். செக்கப் கிடைக்கும் என்பதற்காகத் தனியார் பாலிசி வாங்கக் கடன்பட வேண்டாம். இ.எஸ்.ஐ. இருப்பவர்கள் அதை முழுதாகப் பயன்படுத்துங்கள். சம்பளம் 21,000ஐத் தாண்டப்போகிறது என்றால் அதற்கு முன்பே சொந்த பாலிசிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இந்த இரண்டிலும் சேராத நடுத்தரக் குடும்பத்துக்கு என் பரிந்துரை இது. படுத்தால் காப்பாற்றும் சாதாரண பாலிசி ஒன்று, முடிந்தவரை சீக்கிரம். இரண்டு பாலிசிகள் மற்ற விஷயங்களில் ஒன்றாக இருந்தால், முதல் வருடத்திலிருந்தே கேஷ்லெஸ் செக்கப் தருவதை எடுங்கள். அதற்காக அறை வாடகை வரம்பிலோ காப்பீட்டுத் தொகையிலோ விட்டுக்கொடுக்க வேண்டாம். அதன் மதிப்பு வருடம் சில ஆயிரம்தான். கம்பெனி பாலிசி இருந்தால் முகாமைத் தவறவிடாதீர்கள். புற்றுநோய்ச் சோதனைகளுக்கு, எவ்வளவு பெரிய பாலிசி இருந்தாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போங்கள். போவதற்கு முன் கர்ப்பப்பை வாய்ச் சோதனை எந்தக் கிழமை, பெண் மருத்துவரோ செவிலியரோ எப்போது இருப்பார் என்று கேட்டுக்கொண்டு, வீட்டில் முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போய்விட்டு வந்தால் இந்தச் சோதனைக்குப் போவதில் இருக்கும் தயக்கமும் பாதியாகும்.